லான் செத்த இடத்துல ராவணன் மீசை

கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவுல, கடல்ல இருந்து கூப்பிடு தூரத்துல எங்க மாமனாரோட பழைய வீடு ஒன்னு இருக்கு. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல ஓடெல்லாம் பறந்து அப்டியே பூட்டிக் கெடந்தத 2019ல ரிப்பேர் பண்ணி சனி ஞாயிறு போய் தங்கற மாதிரி ஆக்கலாம்னு எறங்கினோம். வீட்டு வேலை ஆறே மாசத்துல முடிஞ்சிருச்சு, வீட்டுக்கு முன்னாடி இருந்த மணல்தான் என்னை நாலு வருஷம் படுத்தி எடுத்துச்சு. கடலோரத்துல எடம் வச்சிருக்கவங்க, ரிசார்ட்டு தோட்டம் பாக்கறவங்க யாராவது இதப் படிச்சிட்டு நான் தண்டமா செலவு பண்ண காச மிச்சம் புடிச்சா சரி.

மொதல்ல லான் கதை. ஒரு நர்சரிக்காரர் வந்து பாத்துட்டு "மெக்சிகன் கிராஸ் போட்ருவோம் சார், கார்ப்பெட் மாதிரி இருக்கும்"னாரு. எட்டு லோடு செம்மண் அடிச்சு, லெவல் பண்ணி, 2020 ஜனவரில புல்லு பதிச்சாச்சு. ஒரு மாசம் நெஜமாவே கார்ப்பெட்தான், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் எல்லாம் வச்சேன். அப்புறம் பிப்ரவரி கடைசில இருந்து நுனி பழுக்க ஆரம்பிச்சுது. தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ரெண்டு வேளை சேத்து ஊத்தினோம், அங்கதான் தப்பு. எங்க போர் தண்ணிய டிடிஎஸ் மீட்டர் (ஒரு லிட்டர் தண்ணில எத்தன மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற கருவி) வச்சு பாத்தப்ப ஜனவரில 1,900 காட்டினது மார்ச்சுல 3,000த்த தாண்டிருச்சு. கடல் தண்ணி ஏறக்குறைய 35,000, அதோட பாத்தா ஒன்னுமில்லதான், ஆனா இந்த தண்ணிய தினமும் ஊத்தி வெயில்ல காய விட்டா உப்பு எங்க போகும், அந்த நாலு இன்ச்சு செம்மண்லயேதான் தங்கும். வெறும் மணலா இருந்தா ஒரு மழைக்கு கீழ கழுவிட்டு போயிரும், நாங்கதான் செம்மண்ண கொட்டி உப்புக்கு ஒரு தட்டு செஞ்சு குடுத்தோம். மண்ணு மேல சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளை வெள்ளையா படை.

அதுக்குள்ள மார்ச் கடைசில லாக்டவுன். செப்டம்பர் வரைக்கும் யாராலயும் போக முடியல. நடுவுல சோழகக் காத்து சீசன் முழுசும் ஓடிருச்சு, அதான் சித்திரைல இருந்து ஆவணி வரைக்கும் தெக்க இருந்து சுத்தி அடிக்குமே அந்தக் காத்து. போய் பாத்தா காம்பவுண்டு சுவர்ல தானே புயல் அப்பவே ஒடஞ்சு நாங்க அடைக்காம விட்ட ஒரு பொத்தல் வழியா மணல் உள்ள வந்து, லான் மேல முழங்கால் ஒயரத்துக்கு நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு கெடக்குது. அந்த மணல் நாக்கு மேலயே, கயிறு மாதிரி தடிச்ச கொடி ஒன்னு, அளந்து பாத்தேன், பதினாறு அடி. ஒவ்வொரு கணுலயும் வேர் எறக்கி, ஊசி ஊசியா விரைச்ச இலையோட, சாம்பல் பூத்த பச்சைல. ஆறு மாசம் ஒரு சொட்டு தண்ணி யாரும் ஊத்தல. என் மனைவி செருப்பில்லாம போய் ஒரு மிதி மிதிச்சிட்டு "என்னங்க இது, புல்லா கள்ளியா"ன்னு ஒத்தக் கால்ல நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

அதுதான் ராவணன் மீசை. தாவரவியல்ல ஸ்பினிபெக்ஸ் லிட்டோரியஸ்னு பேரு. நம்ம ஊர், இலங்கை, அந்தப் பக்கம் தென்கிழக்காசிய கடற்கரை வரைக்கும் இருக்கற புல்லு. கையில தொட்டா ஏன் மீசைன்னு பேர் வச்சாங்கன்னு புரியும்.

நான் அப்பவும் திருந்தல. டிராக்டர் வச்சு மணல வழிச்சு, புல்லையும் சேத்து வாரி வெளிய கொட்டிட்டேன். மூனே மாசத்துல முன்ன இருந்தத விட அதிகமா மணல் உள்ள வந்துருச்சு. பக்கத்துல கரவலை போடற பெரியவர் ஒருத்தர், தினமும் எங்க சுவர் நெழல்ல ஒக்காந்து வலை பின்னுவாரு, ஒரு நாள் கேட்டாரு, "ஏந் தம்பி, அதையும் புடுங்கிப் போட்டுட்டு மணலு வருது மணலு வருதுன்னா எப்புடி?" அவ்ளோதான் கேட்டாரு, திரும்பவும் வலைய பாக்க ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு அன்னிக்குதான் ஒறச்சுது.

இந்தப் புல்லு வேலை செய்யறத கிட்ட ஒக்காந்து பாத்தாதான் நம்ப முடியும். காத்து தரையோட தரையா மணல உருட்டிக்கிட்டு வரும், ஒரு தூர் கிட்ட வந்ததும் வேகம் கொறஞ்சு மணல் அங்கயே விழும், தூருக்கு பின்னாடி வால் மாதிரி ஒரு சின்ன மேடு நிக்கும். வேற செடியா இருந்தா மண்ணு மூடி செத்துரும். இது மூட மூட மேல ஏறும், பொதஞ்ச கணுல இருந்து புது வேர் விட்டு, புது குருத்து மேல வரும். அடுத்த மணல் வந்தா அதுக்கும் மேல ஏறும். இப்டியேதான் மேடு வளருது. மணல் மூடறது இதுக்கு சாப்பாடு மாதிரி, மணல் வராத எடத்துல வச்சா ரெண்டு மூனு வருஷத்துல வயசான மாதிரி நடுவுல காஞ்சு கொட்டிப் போகுது, அதையும் வீட்டுக்கு பின்பக்கம் நட்டுப் பாத்து தெரிஞ்சிக்கிட்டேன்.

சரி நடலாம்னு முடிவு பண்ணினேன், ஆனா மொத வருஷம் எல்லாமே தப்பு. 2021 பிப்ரவரில நட்டேன், வேலையாள் கெடச்ச நாள்ல நட்டேன், அவ்ளோதான் ப்ளானிங். நூத்தி இருபது குச்சி வச்சதுல சித்திரைக்கு ஒம்பது உயிரோட இருந்துச்சு. செத்தத எல்லாம் புடுங்கி பாத்தேன், முக்காவாசி ஒரு சாண் ஆழம் கூட போகாம மேலாப்புலதான் இருந்துச்சு, அந்த மேல் மணல் வெயில்ல பொரிகடலை வறுக்கற மாதிரி இருக்கும். பொழச்ச ஒம்பதும் கை நல்லா உள்ள போற ஆழத்துல, ஈர மணல்ல கணு பொதஞ்சிருந்தது. கடற்கரை மணல் மேல காஞ்சிருந்தாலும் கீழ தோண்டினா ஈரம் வரும்ல, அந்த ஈரக் கோடு எங்க இருக்கோ கணு அங்க போகணும். இது ஒன்னு தெரிஞ்சிருந்தா அந்த வருஷம் வீணாயிருக்காது.

அடுத்த தடவை ஐப்பசி மழைக்கு காத்திருந்தேன். 2021ல வடகிழக்கு பருவமழை எப்டி கொட்டுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், ரெண்டு நல்ல மழை விழுந்ததும் நட்டோம். குச்சிக்கு கொடியோட நுனிப்பக்கம்தான் எடுக்கணும், பழுப்பேறி மரமாட்டம் ஆனது வேர் விடவே ரொம்ப நாள் எடுக்குது. முழங்கை நீளம், நாலு கணு, நுனில குருத்து இருக்கணும். அதுல ரெண்டு மூனு கணு உள்ள, குருத்து மட்டும் வெளிய எட்டிப் பாக்கற மாதிரி சாச்சு வச்சு, கால் வச்சு நல்லா அமுக்கணும். அமுக்காம விட்டா உள்ள காத்து நின்னு காஞ்சிரும். வெட்டினத அன்னிக்கே நடணும், நடற வரைக்கும் ஈர சாக்குல சுத்தி நெழல்ல. ஒன்னுக்கொன்னு ரெண்டடி, நேர் வரிசையா வைக்காம முன்ன பின்ன மாத்தி மாத்தி. நேர் வரிசை வச்சா காத்து நடுவுல சந்து கண்டுபுடிச்சு அந்த சந்தையே தோண்டிரும். கையுறை இல்லாம இந்த வேலைக்கு எறங்காதீங்க, வெல்டிங் பண்றவங்க போடற தோல் கிளவுஸ் வாங்கிக்கங்க, துணி கிளவுஸ்லாம் ஊசி உள்ள வந்துரும். அந்தத் தடவை பாதிக்கு மேல புடிச்சுது.

குச்சி எங்க எடுத்தேன்னு கேப்பீங்க. மணல் மேட்ட வெட்டி எடுக்காதீங்க. 2011 சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) அறிவிக்கைல மணல் மேடுங்கள அலையாத்தி காடு, பவளப்பாறை வரிசைல, ரொம்ப கண்டிப்பா காக்க வேண்டிய ஒன்னு-ஏ பிரிவுலயே வச்சிருக்காங்க, 2019ல வந்ததுலயும் அப்டியேதான். சட்டத்த விடுங்க, ஒரு மேட்ட கெடுத்து இன்னொரு மேடு கட்டறதுல என்ன இருக்கு. நான் டிராக்டர்ல வாரி வெளிய கொட்டினேனே, அந்தக் குவியல் ஓரத்துலயே தானா பொழச்சு ஓடிக்கிட்டிருந்த கொடில இருந்துதான் எடுத்தேன், அதுவும் ஒரு கொடிக்கு ஒரு நுனி. நான் தூக்கிப் போட்ட குப்பைதான் எனக்கு நாத்தங்கால்.

வெதைல இருந்தும் முயற்சி பண்ணினேன். இதுல ஆண் செடி தனி, பெண் செடி தனி. பெண் செடில முள்ளு பந்து மாதிரி பெருசா ஒரு தலை வரும், பழுத்ததும் ஒடிஞ்சு காத்துல கடற்கரை பூரா உருண்டுக்கிட்டே போகும், எங்க ஊர்ப் பசங்க அத தொரத்திக்கிட்டு ஓடறதுதான் லீவு நாள் வெளையாட்டு. போற வழியெல்லாம் வெதைய உதிர்த்துட்டு எங்கயாவது பள்ளத்துல சிக்கி நிக்கும். இருபது பந்து பொறுக்கி அப்டியே பொதச்சேன், வந்தது நாலஞ்சு நாத்துதான். பந்துக்கு அதோட வேலை தெரியும், ஆனா மனுசன் அவசரத்துக்கு அது ஆகாது.

உரம் பத்தி ஒரு வரி. தொழு உரம் போட்டேன், களைதான் தளதளன்னு வந்துச்சு. அதுக்கப்புறம் ஒன்னும் போடல.

வேலி பெரிய பாடம். காத்த தடுக்கறேன்னு மொதல்ல கடல் பக்கமா தகரம் அடிச்சேன். மணல் தகரத்துக்கு பின்னாடி சேரும்னு பாத்தா, காத்து தகரத்துல மோதி கீழ எறங்கி அடி மணலயே பறிச்சு, ஒரு மாசத்துல தகரம் அந்தரத்துல ஆடுது. அப்புறம் தென்னங்கீத்து படல் கட்டினோம், இடுப்புக்கும் கீழதான் ஒயரம், ஓலைக்கு நடுவுல கை போற அளவு சந்து விட்டு. காத்து பாதி உள்ள போகணும் பாதி தடுபடணும், அப்பதான் மணல் விழும். ஓலை ஒரு வருஷத்துல மக்கிரும், மக்கட்டும், அதுக்குள்ள புல்லு அந்த வேலைய எடுத்துக்கும். செலவும் தகரத்துல கால்வாசி கூட வரல.

கூடவே அடும்பங்கொடிய விட்டேன். ஆட்டுக்குளம்பு மாதிரி இலை, ஊதாவும் ரோஸும் கலந்த பூவு, அது எல்லாருக்கும் தெரியும். ராவணன் மீசை மேட்ட ஒயர்த்துது, அடும்பு மேல பரவி மூடுது, ரெண்டும் சேந்தாதான் முழுசா புடிக்குது. பள்ளிக்கூடத்துல நெய்தல் திணை படிச்சப்ப தலைவனோட தேர் அடும்பங்கொடிய அறுத்துக்கிட்டு வருதுன்னு வரும், அப்ப அது எனக்கு வெறும் மனப்பாடம். இப்ப ராத்திரில பீச்சுல ஜீப் ஓட்டறவங்க சக்கரத் தடத்துல அறுந்து கெடக்கற கொடிய காலைல போய் பாக்கறப்பதான் அதப் பாடினவங்க நெஜமாவே கீழ குனிஞ்சு பாத்திருக்காங்கன்னு தோணுது. உப்பு, வெயில், புயல் எல்லாத்தையும் தாங்கற இந்த செடிங்க சக்கரத்தையும் காலடியையும் தாங்க மாட்டேங்குது. தெனம் நாலு பேர் ஒரே தடத்துல நடந்தா போதும், அங்க புல்லு போயிரும், புல்லு போன சந்துல காத்து நொழஞ்சு பெரிய பள்ளமே போட்டுரும். அதனால கடலுக்கு போற பாதைய நேரா விடாம காத்துக்கு குறுக்க சாச்சு வளைச்சு விட்டோம், ரெண்டு பக்கமும் பழைய வலைக் கயிறு கட்டி.

இங்க ஒரு முக்கியமான விஷயம். ஊர்ல கேக்காம கடற்கரைல ஒரு குச்சி கூட நடாதீங்க. நான் மொதல்ல சுவருக்கு வெளியில வடக்குப் பக்கமா நீட்டி நடலாம்னு கெளம்பினேன், அந்தப் பெரியவர்தான் ஊர் பஞ்சாயத்துல ஒரு வார்த்தை சொல்லிரு தம்பின்னாரு. சொன்னதும்தான் தெரிஞ்சுது, அங்கதான் கரவலை இழுக்கற எடம். ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு கயித்த இழுத்துக்கிட்டே நடப்பாங்க, அந்த வழில முள்ளு இருந்தா காலு போச்சு, வலை மாட்டினா வலையும் போச்சு. கருவாடு காய வைக்கற ஆயா ஒருத்தங்க "ஒம் மீசைய எங்க களத்துல வளக்காத"ன்னு சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க, ஆனா கண்டிப்பா சொன்னாங்க. படகு ஏத்தற எடம், வலை காய்ற எடம், கருவாட்டுக் களம் மூனையும் விட்டுட்டு மிச்சத்துலதான் நட்டோம். கடல் பக்கம் அலை ஏறி வர்ற வெறும் மணலையும் தொடல, ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் பங்குனி ஆமை ஏறி முட்டை போடறதுக்கு வெட்டவெளி வேணும். சவுக்கு வேணாம்னு நான் பிடிவாதமா இருந்ததுக்கும் இது ஒரு காரணம். கடலூர் மாவட்டத்துக்காரன் சவுக்க கொறை சொல்லக்கூடாது, எங்க மாமனார் வீட்டு கல்யாணமெல்லாம் சவுக்கு வித்த காசுலதான் நடந்துச்சு. ஆனா அத அலை வரைக்கும் கொண்டுபோய் நெருக்கி வச்சா கீழ நெழலும் சருகும் விழுந்து அடும்பும் மீசையும் செத்துருது, ஆமைக்கும் எடம் இல்லாம போயிருது. சுனாமிக்கு அப்புறம் கடற்கரை பூரா வச்சாங்களே, அதுல பல எடத்துல மரத்துக்கு அடியில ஒரு பச்சை கெடையாது, போய் பாருங்க.

காம்பவுண்டுக்கு உள்ள என்ன பண்ணேன்னு கேட்டா, அங்க முள்ளு ஆகாது, பசங்க ஓடுவாங்க. செம்மண்ண எல்லாம் வழிச்சு எடுத்துட்டோம். உப்பங்கழி ஓரத்துல ஏறக்குறைய அருகு மாதிரியே, ஆனா இன்னும் விரைப்பா ஒரு புல்லு படர்ந்திருக்கும், ஸ்போரோபோலஸ் விர்ஜினிகஸ்னு பேரு. ஒரு பை நெறைய கொண்டாந்து வச்சேன். அதே போர் தண்ணிதான், அதே உப்புதான், அலட்டிக்கவே இல்ல. காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி குனிஞ்சு பாத்தா இலை மேல பொடிப் பொடியா மினுங்கும், பனின்னு நெனச்சு தொட்டு நாக்குல வச்சேன், உப்பு. உள்ள எடுத்த உப்ப இலை வழியாவே வெளிய தள்ளுது. லான் மாதிரி பட்டு போல மெத்துனு இருக்காது, கொஞ்சம் கரடுதான், வெட்டி வெட்டி விட்டா உக்கார்ற மாதிரி ஆயிருது. வீட்ட ஒட்டி நெழல் பக்கம் நம்ம அருகம்புல்லே போதும்னு விட்டுட்டேன்.

புல்லால என்ன ஆகாதுன்னும் சொல்லணும். இது காத்துல வர்ற மணல புடிக்கும், கடல் எடுத்துட்டு போற மணல புடிக்காது. நம்ம கிழக்குக் கரைல வருஷத்துல பெரும்பாலான மாசம் மணல் கரையோரமா தெக்க இருந்து வடக்க நகந்துக்கிட்டே இருக்கும், நடுவுல ஒரு துறைமுகச் சுவர் வந்தா தெக்க மணல் சேரும், வடக்க கரை அரிக்கும். சென்னைல துறைமுகம் கட்டினதும் மெரினா அகலமாச்சு, ராயபுரம் பக்கம் கடல் உள்ள வந்துச்சு. புதுச்சேரில 1980கள் கடைசில துறைமுகச் சுவர் கட்டினதும் டவுன் பீச்சு காணாமப் போய் கல்லு கொட்டினது நமக்கு தெரிஞ்ச கதை. உங்க எடம் அப்டி ஒரு சுவருக்கு வடக்க இருந்தா புல்ல நட்டு காச வீணாக்காதீங்க.

எங்களுக்கு சோதனை 2024 நவம்பர் 30 ராத்திரி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரையேறினப்ப வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு தண்ணி வடிஞ்சு போய் பாத்தா, எங்க மேட்டோட கடல் பக்கத்த அலை கத்தி வச்சு கேக்க வெட்டின மாதிரி நெட்டுக்குத்தா அறுத்துட்டு போயிருந்துச்சு. ஒரு ஆள் ஒயரம் நிக்குது வெட்டு. அதுல மூனு வருஷத்து மணல் அடுக்கு அடுக்கா தெரியுது, ஒவ்வொரு அடுக்குலயும் பழைய கணு, பழைய வேரு, மேல இருந்து கொடிங்க சடை மாதிரி தொங்குது. எனக்கு வயிறு கலங்கிருச்சு. ஜேசிபி வச்சு சரி பண்ணலாமான்னு கேட்டேன், பெரியவர் "சும்மா இரு தம்பி, மாசி பங்குனி வரட்டும்"னாரு. அதே மாதிரி கடல் மணல திருப்பிக் கொண்டாந்து போட்டுச்சு, தொங்கின கொடிங்க அந்தப் புது மணல் தட்டுப்பட்டதும் அதுலயே வேர் எறக்கி முன்னாடி ஓட ஆரம்பிச்சிருச்சு. ஆடிக்குள்ள வெட்டு சரிவாயிருச்சு. நாங்க செஞ்சதெல்லாம் கயித்த திருப்பிக் கட்டினதுதான். 2004ல மேடு இருந்த பக்கம் தண்ணி கம்மியாத்தான் ஏறிச்சுன்னு அவரு சொல்லுவாரு, ஆனா என் வீட்டு மேடு சுனாமிய நிறுத்தும்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

தண்ணி விஷயம் நான் எதிர்பாக்கவே இல்ல. மழைத் தண்ணி மணல் மேட்டுல எறங்கி, கீழ இருக்கற உப்புத் தண்ணி மேல மெதந்துக்கிட்டு நிக்கும், நல்ல தண்ணி எடை கம்மிங்கறதால. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா கீழ நாப்பது அடி வரைக்கும் அது உப்ப தள்ளி வைக்கும்னு ஒரு கணக்கு இருக்கு. மீனவங்க மணல்ல ஊத்து தோண்டி குடிக்க எடுக்கறது இந்தத் தண்ணிதான். அப்ப மேட்ட இடிச்சு லெவல் பண்ணா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சிக்கங்க. என் போர் இப்ப கோடைல எவ்ளோ காட்டுதுன்னா 2,400 கிட்ட, இது மேட்டாலயா, லானுக்கு உறிஞ்சறத நிறுத்தினதாலயான்னா, பெரும்பங்கு உறிஞ்சாததுதான்னு நெனைக்கிறேன்.

இப்ப சுவர் பொத்தல அடைக்காம அப்டியே விட்டிருக்கேன், அது வழியா மீசை உள்ளயும் வெளியயும் போய் வருது. போன வருஷம் அது பக்கத்துல தொண்டைல விசிறி விரிக்கற ஓணான் ஒன்னு வந்து நின்னுச்சு. இந்த வகைல ஒன்னுக்கு 2016ல பேர் வைக்கறப்ப 'விசிறி'ங்கற நம்ம வார்த்தையவே அறிவியல் பேரா வச்சிருக்காங்க. என் பொண்ணு அதுக்காகவே சனிக்கெழமை காலைல ஆறு மணிக்கு எழுந்து போறா.

யாருக்காவது குச்சி வேணும்னா எங்க வரிசையிலயே இப்ப நெறைய நுனி ஓடுது, ஐப்பசில ரெண்டு மழை விழுந்ததுக்கு அப்புறம் வாங்க, நாலு சாக்கும் தோல் கிளவுஸும் எடுத்துக்கிட்டு வாங்க. பிப்ரவரில கேட்டா தர மாட்டேன்.